படுத்தால் ஏறும், எழுந்தால் இறங்கும்

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நடுக்கம் இருந்தது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களைத் திணறவைப்பதோ பல நேரம் ரத்த அழுத்தம்.

எழுந்து நின்றதும் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். தானியங்கி நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை ஈடுகட்டும். பார்க்கின்சன் அந்த நரம்புகளையும் பழுதாக்கலாம்; அப்போது நின்றதும் அழுத்தம் சரியும். நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். தலைசுற்றல் மட்டுமல்ல, நிற்கும்போது வரும் கழுத்துவலி, கண் மங்கல்கூட இதன் அடையாளமாக இருக்கலாம்.

அதே மனிதருக்கு இரவில் படுத்ததும் அழுத்தம் எகிறலாம்!

அதனால் உட்காரவைத்து ஒருமுறை பார்த்த அளவை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து. படுத்து 5 நிமிடம் கழித்து ஓர் அளவு, நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வோர் அளவு எடுங்கள். கூடவே சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தும் அழுத்தத்தை இறக்கலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட சோறும் இறக்கலாம். இந்தக் குறிப்பேடு மருத்துவருக்குப் பெரிய உதவி.

காலையில் எழும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் பலருக்குச் சில நிமிடங்களில் அழுத்தம் நிமிரும். விழுங்கச் சிரமமோ, இதய, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான். இரவில் எகிறும் அழுத்தத்துக்குத் தலையணை அடுக்குவதைவிட, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்துவது நல்லது. பகலில் தலை சுற்றினால் உடனே படுக்கவைத்துவிட வேண்டும்.