வானத்தில் ஒரு தராசு



லுக்குட், சிலியாவ், லின்சம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே போர்ட்டிக்சன்தான். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகுட்டிகளோடு போய்க் கால் நனைத்த கரை அது. ஆகவே, கடலைப் பற்றிய பேச்சு நமக்கு அந்நியமானதல்ல.

தோட்டத்தில் கங்காணி மரத்தைப் பார்த்தே இன்றைக்கு இவ்வளவு பால் வரும் என்று மனக்கணக்குப் போடுவார். அந்தக் கணக்குச் சரியா, தப்பா என்பதை ஸ்டோர் தராசு சொல்லிவிடும். கடலுக்கும் அப்படித்தான். ஆழம், காற்று, நிலவின் ஈர்ப்பு இவற்றைக் கொண்டு நீர்மட்டம் எப்படி ஏறும், இறங்கும் என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்குக்குத் தராசு எது?

2004 டிசம்பர் 26. நம் நேரப்படி காலை மணி 8.58க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்து, ஜேசன்-1, டோபெக்ஸ்/போசைடன் என்னும் இரு செயற்கைக்கோள்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே கடந்து சென்றன. ரேடார் அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளப்பவை அவை. ஆழ்கடலில் அவை கண்ட சுனாமியின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான்! அதே அலைதான் கரையை அடைந்தபோது மலைபோல் எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டில் 68 பேரைப் பறிகொடுத்தோம். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவர்கள்.

அந்த அளவீடு விஞ்ஞானிகளின் கைக்கு வந்து சேர மேலும் சில மணி நேரம் ஆனது. அன்று அது ஓர் உயிரையும் காக்கவில்லை. ஆனால், சுனாமிக் கணிப்புகள் ஆழ்கடலில் எந்த அளவு பொருந்துகின்றன என்று நிறுத்துப் பார்க்க அதுவே தராசாயிற்று.

இந்தத் தராசுக்கும் ஒரு குறை உண்டு. கரையை நெருங்கினால், நிலத்தில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையும் கலந்து அளவைக் குழப்பிவிடும். போர்ட்டிக்சன் அருகே மலாக்கா நீரிணையின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர்தான். இரு பக்கமும் நிலம். ஆகவே, இங்கே கிள்ளான் துறைமுகத்திலும் மலாக்கா தஞ்சோங் கிளிங்கிலும் உள்ள நீர்மட்ட அளவு நிலையங்களைக் கொண்டு செயற்கைக்கோளையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் என்னும் செயற்கைக்கோள், ஒரு கோடாக மட்டும் பார்க்காமல், 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கடலைப் பார்க்கிறது. கரையோரக் கணிப்புக்கு இது பெரிய உதவி.

சுனாமிக்குப் பின், 2005இல் நம் நாட்டிலும் தேசியச் சுனாமி எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. எச்சரிக்கை ஒருமுறை பொய்த்தால், அடுத்த முறை மக்கள் அசையமாட்டார்கள். கணக்கை ஓயாமல் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

பெற்றோரே, இதில் அடங்கியிருப்பது பெருக்கலும் வகுத்தலும் இயற்பியலும்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத கல்வி அல்ல இது. நாளை நம் கரையின் கணக்கைப் பார்க்கும் மேசையில் நம் பிள்ளையும் உட்கார வேண்டும்.