ஒரு நாள் காணிக்கை போதாது

(புதிய கல்வியாண்டின் தொடக்க ஸ்தோத்திரக் கூடுகையில், மாணவர்கள், ஊழியர்கள், ஆதரவாளர்கள் முன்னிலையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



மற்றுமொரு கல்வியாண்டைக் காணச் செய்த தேவனுடைய கிருபைக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். செவிலியர் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறவர்களுக்கும் வகுப்புகள் தொடங்கிவிட்டன. விடுதி வராந்தாவில் மறுபடியும் புதுப் பெட்டிகளும் வாளிகளும் நிற்கின்றன. இரவில் வீட்டு நினைவில் அழுகிற பிள்ளைகளும் உண்டு என்று வார்டன் அம்மா சொன்னார்கள். பிள்ளைகளே, இங்கே வெள்ளைச் சீருடையில் தைரியமாக நடந்துபோகிற உங்கள் அக்காமார் எல்லாரும் முதல் மாதத்தில் அழுதவர்கள்தான். கவலைப்பட வேண்டாம்.

வரும் மாதங்களில் நமது வளாகத்தில் நடக்க இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். கர்ப்பிணித் தாய்மார் வரும் புறநோயாளர் பகுதியில் மூன்றாம் ஆண்டு மாணவியர் கண்காட்சி வைக்கிறார்கள். செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள். அக்டோபர் 10 மனநல நாள். இவ்விரண்டு நாட்களிலும் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தனித்தனியே கலந்துரையாடல் உண்டு. மனச்சோர்வோடு இருக்கிறவர்கள் எங்களிடம் எந்நேரமும் வரலாம். எங்களிடம் பேசக் கூச்சமாயிருந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. டிசம்பர் முதல் தேதி எய்ட்ஸ் நாள். அதற்குப் பின் வார்டு வார்டாகக் கீதபவனி. ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாள், மார்ச் 24 காசநோய் நாள், மே 12 செவிலியர் நாள். இவற்றின் விவரங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன.

ஒரு நாளைப் பற்றி மட்டும் இன்று விரிவாகப் பேச விரும்புகிறோம். அது அக்டோபர் முதல் தேதி. தன்னார்வ இரத்த தான நாளாக 1975 முதல் நம் நாடு அதை அனுசரித்து வருகிறது. நமது வளாகத்திலும் அன்று முகாம் நடப்பது வழக்கம். இந்த வருஷம் அதன் முறை மாறுகிறது. காரணத்தை எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும்.

இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையும் இதுவரை செய்யவில்லை. ஒரு மனிதனுக்கு வேண்டுமானால் இன்னொரு மனிதன்தான் கொடுக்க வேண்டும். ஆதரவாளர்களாகிய நீங்கள் அனுப்பும் காணிக்கையில் கட்டில் வாங்கலாம், இன்குபேட்டர் வாங்கலாம், இரத்தத்தை வைக்கிற குளிர்பெட்டியும் வாங்கலாம். அந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. எங்களில் மூத்தவர்களுக்கு வேறொரு காலம் நினைவிருக்கும். வறுமையிலும் குடிப்பழக்கத்திலும் சிக்கியவர்கள் சில ரூபாய்க்காக இரத்தம் விற்று வந்தார்கள். விற்றவர் உடல் கெட்டது, பெற்றவருக்கு நோய் பரவியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரத்தம் விற்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அன்று முதல் நோயாளிகள் நம்பியிருப்பது இலவசமாய்க் கொடுக்கிறவர்களை மட்டுமே.

ஆனால் அப்படிக் கொடுக்க எல்லாருக்கும் ஆள் இருக்கிறதா? வார்டுகளில் ஜெபிக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி காண்பது இது: அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, இரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும். உற்றார் உறவினர் உள்ளவர்கள் ஒரு போன் செய்தால் நான்கு பேர் வந்து நிற்பார்கள். பிழைப்புக்காக வேற்று மாநிலத்திலிருந்து வந்த கூலித்தொழிலாளிக்கு யார் வருவார்கள்? துணைக்கு ஒரு பேரப்பிள்ளையை மட்டும் அழைத்து வந்திருக்கும் பாட்டிக்கு யார் வருவார்கள்? "ஐயா, எங்களுக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாதே" என்று கையைப் பிடித்துக்கொள்ளுகிறவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கும் இரத்தமே பதில். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு ஏற்பட்ட தாய்க்கோ, ஆள் தேடுவதற்கே நேரம் கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்த நேரத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்தாக வேண்டும்.

இனி முறை மாறுவதன் காரணத்துக்கு வருகிறோம். இரத்தம் கெடாமல் இருக்கும் காலம் குறைவு. இரத்த வங்கியில் ஒருவருடைய இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து வைக்கிறார்கள். ஒருவர் கொடுத்தது மூன்று பேருக்குப் பயன்படலாம். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருஷம் இருக்கும். சிவப்பணுவை, அதற்கான திரவம் சேர்த்துக் குளிரில் வைத்தால், மிஞ்சிப்போனால் 42 நாள். தட்டணு ஐந்தே நாள்தான்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் முதல் தேதி வளாகம் முழுவதும் வரிசையில் நின்று உற்சாகமாய்க் கொடுத்தாலும், அன்றைய தட்டணு 6ஆம் தேதிக்குமேல் இராது. சிவப்பணு நவம்பர் 12ஆம் தேதியோடு முடிந்துபோகும். அன்று கொடுத்த ஆண்கள் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகவேண்டும், பெண்களுக்கு நான்கு மாதம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு பெருகும்போது, இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்குத் தட்டணு கேட்பார்கள். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். நமது முகாம் அக்டோபரில் நடக்கிறது என்பதற்காக அந்தப் பிள்ளைகளின் தேவை காத்திருக்காது. அதன்பின் கிறிஸ்துமஸ் விடுமுறை. பின்பு ஏப்ரல், மே. மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வளாகம் வெறிச்சோடிப்போகும். விபத்தும் பிரசவமும் விடுமுறை எடுப்பதில்லை.

ஆகையால் கல்லூரி முதல்வரும் மேட்ரன் அம்மாவும் இரத்த வங்கி மருத்துவரும் கலந்து பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் தேதி எல்லாரும் கொடுக்கப் போவதில்லை. அன்று எல்லாரும் பெயர் கொடுப்போம், இரத்த வகையைப் பதிவு செய்வோம். பின்பு வகுப்பு வகுப்பாக, துறை துறையாக, வருஷம் முழுவதும் வாரம் தவறாமல் ஒரு சிறு குழு முறைவைத்துக் கொடுக்கும். விடுமுறைக்குப் புறப்படுமுன் இறுதியாண்டு வகுப்புகள் கொடுத்துவிட்டுப் போகும். விடுமுறை நாட்களில், ஊரிலேயே இருக்கும் ஊழியர்கள் முறையெடுத்துக்கொள்வார்கள். அரிய இரத்த வகை உள்ளவர்களின் பட்டியல் தனியாக இருக்கும். பம்பாய் இரத்த வகை என்று 1952இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட வகை உண்டு. அவர்களுக்கு அதே வகையினரின் இரத்தத்தைத்தான் ஏற்ற முடியும். அப்படிப்பட்டவரை நள்ளிரவில் தேடிக் கண்டுபிடிக்க, முன்பே எழுதி வைத்த பெயர் வேண்டும்.

யார் கொடுக்கலாம்? 18 வயது நிரம்பி, 65 வயதுக்குட்பட்டு, குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் கொடுக்கலாம். 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் உள்ளவர்களிடம் 450 மில்லி வரை எடுக்கலாம். காது குத்தியவர்களும் பச்சை குத்தியவர்களும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. ஆகவே, உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் அதே நாளில் இரத்த தானத்துக்கும் போக வேண்டாம் என்று குருவானவர்களாகிய நாங்களே கேட்டுக்கொள்ளுகிறோம். இரண்டுக்கும் தனித்தனி நாள் இருக்கட்டும்.

மாணவியர் சிலர் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படுவார்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நமது விடுதி மட்டும் அதற்கு விலக்கல்ல. திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. தன் சோகையை அன்றே அறிந்துகொண்டது அவளுக்கு நன்மை. அவர்களுக்காக ஆகஸ்டு மாதத்திலேயே விடுதியில் ஹீமோகுளோபின் பரிசோதனை நடக்கும். தேவையானவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை பரிமாறச் சமையலறைச் சகோதரிகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்க வேண்டாம், அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு நெல்லிக்காய் சாப்பிட்டால் அது சேர உதவும். இன்னும் 18 நிரம்பாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பெயர் எழுதுவதும், கொடுத்தவர்களை உட்காரவைத்துப் பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

"மாணவர்களாகிய எங்களால் என்ன பெரிதாகச் செய்ய முடியும்?" என்று கேட்கிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். 1986இல் சென்னையில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா என்ற மாணவி, தம் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், படிப்புக்குரிய ஆய்வுக்காகப் பெண்கள் பலருடைய இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான். இன்று நம் நாட்டில் தானமாகப் பெறும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., இருவகை மஞ்சள்காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதனை கட்டாயம். ஒரு மாணவி கருத்தாய்ச் செய்த வீட்டுப்பாடம் ஒரு தேசத்தின் கண்ணைத் திறந்தது. ஆய்வக மாணவர்களே, நீங்கள் ஒட்டும் சிறு லேபிளையும் அப்படிக் கருத்தாய் ஒட்டுங்கள். பெயர் மாறினால் உயிர் போகும்.

ஆதரவாளர்களே, இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை மாதங்களில் எங்கள் ஊழியர்கள் மட்டும் கொடுத்தால் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை உங்கள் சபையின் வாலிபர் சங்கம் ஏற்றுக்கொள்ளுமா? ஆராதனை முடிந்து, சாப்பிட்ட பின், பதினைந்து பேர் வந்தால்கூட அந்த வாரத்துக்குப் பெரிய உதவி. தூரத்தில் இருக்கிறவர்கள் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே கொடுங்கள். அங்கே படுத்திருப்பவரும் நமக்குப் பிறன்தான்.

நல்ல சமாரியனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், பணமும் கொடுத்தான். நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஒன்று அதன் முடிவில் இருக்கிறது. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஒரு முறை செய்த உதவியோடு கடமை முடிந்தது என்று அவன் எண்ணவில்லை. இந்த வருஷம் எங்கள் வளாகம் கற்றுக்கொள்ள விரும்புவது திரும்பி வருகிற அந்தக் குணத்தையே.

ஜெபத்தில் தரித்திருங்கள். புதிய மாணவ மாணவியருக்காகவும், இரத்த வங்கியில் இரவுப் பணி செய்கிறவர்களுக்காகவும், இரத்தம் ஏற்ற மாதந்தோறும் வரும் தலசீமியாப் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் பெற்றோருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர்ப் பதிவேடு இன்று மாலை முதல் சிற்றாலய வாசலில் இருக்கும். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் நல்ல சுகத்தோடு காப்பாராக. ஆமென்.