பின்னால் அமர்பவரையும் கேட்டு வாங்குங்கள்

பினாங்குக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நெடுநாள் உறவு. 1950-களின் பிற்பகுதியில் ஹோண்டா மோட்டார் சைக்கிளை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ. இன்று ஹோண்டா தொழிற்சாலை பத்து காவானில் இருக்கிறது. வேலைக்கும் சந்தைக்கும் கப்சாயில் போய் வந்தே வளர்ந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம்.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பினாங்கின் இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் கட்டணம் கிடையாது. ஆகவே மனைவியை அமர்த்திக்கொண்டு ஈப்போ கல்லுமலைக்கோ, கேமரன் மலைக்கோ, பத்துமலைக்கோ போய்வரப் பலருக்கும் ஆசை. அதற்கு எந்த மோட்டாரை வாங்குவது?

கடைக்குப் போனதும் பேச்சு சிசியிலும் வேகத்திலும் நின்றுவிடுகிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் பின்னால் உட்காரப்போகிறவரை யாரும் கேட்பதில்லை. ஓட்டுபவருக்குப் பிடிக்கக் கைப்பிடி உண்டு; சாலையும் கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருப்பவருக்கோ பள்ளம் வருவதே தெரியாது. முதுகு வலித்தாலும் வாய் திறக்கமாட்டார். அடுத்த பயணத்துக்கு வரமாட்டார், அவ்வளவுதான்.

ஆகவே கடையில் இருவரும் ஏறி உட்காருங்கள். பின் இருக்கை அகலமாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். முன்பக்கம் சரிந்த இருக்கையில், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஓட்டுபவரின் முதுகில் வந்து மோத நேரும். கால்மிதி உயரமாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, ஒரு மணி நேரத்தில் மரத்துவிடும். பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் உறுதியான கைப்பிடி வேண்டும்.

அடுத்தது எடை. இருவரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தாழ்கிறது. முன்சக்கரத்தின் பிடி குறைகிறது. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடுகிறது. பின் ஸ்பிரிங்கை இறுக்கி அமைக்கக்கூடிய மோட்டாராகப் பாருங்கள். இருவர் செல்லும்போது டயருக்கு எவ்வளவு காற்று என்பதைக் கையேட்டில் பார்த்து அடையுங்கள். பின்பெட்டியில் கனமான பொருளைத் திணிக்காதீர்கள். ஏபிஎஸ் பிரேக் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

உரிமத்தையும் மறக்கவேண்டாம். பெரும்பாலோரிடம் இருப்பது பி2. அது 250 சிசி வரைதான். அதற்கு மேல் ஓட்டினால் குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல். பி2 உரிமத்துக்கு உட்பட்ட இரண்டைப் பாருங்கள். யமஹா என்மேக்ஸ் 155 சிசி. ஏறத்தாழ 130 கிலோ. நகருக்குள் திருப்ப எளிது. ஈப்போ வரை தாராளமாகப் போகலாம். ஆனால் நெடுஞ்சாலையில் இருவரோடு லாரியை முந்தும்போது அதன் சக்தி போதவில்லை என்று தோன்றும். எக்ஸ்மேக்ஸ் 250 ஏறத்தாழ 180 கிலோ. 13 லிட்டர் எண்ணெய் கொள்ளும். நீண்ட பயணத்துக்கு அதுவே ஏற்றது. ஆனால் விலையும் மாதத் தவணையும் கூடும். வருடத்துக்கு இரண்டு பயணம்தான் என்றால், சிறியதை வாங்கி மிச்சப் பணத்தில் இருவருக்கும் நல்ல தலைக்கவசமும் மழைச்சட்டையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பின்னால் இருப்பவர் நம்மை நம்பி ஏறியவர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். அவர் "நிறுத்துங்க" என்று சொன்னால், அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

வீடு திரும்பி இறங்கியதும் "அடுத்த தடவை எங்கே போகலாம்?" என்று அவர் கேட்டால், நீங்கள் வாங்கியது சரியான மோட்டார்தான்.