'ஊர் ஒத்துக்காது' என்கிறவர்தான் ஊர்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிய வேண்டும் என்பதை இந்த அறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பேச வந்தது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. உங்களில் பலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். "எனக்கெல்லாம் சாதி வித்தியாசம் கிடையாதுப்பா. ஆனா ஊர் ஒத்துக்காது." அப்பா சொல்வார், மாமா சொல்வார். கொஞ்சம் படித்த சித்தப்பா இன்னும் நாசூக்காகச் சொல்வார்: "நாம மாறிட்டோம், சொசைட்டி இன்னும் மாறல."

இதில் முதலில் உறுத்த வேண்டியது 'ஊர்' என்ற சொல். நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. காலனியில் 200 குடும்பங்கள் இருந்தாலும் அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று யாரும் கேட்டதில்லை. ஆக, ஊர் என்றால் சொந்தச் சாதிக்காரர்கள். அதிலும் பெண்கள் கணக்கில் வருவதில்லை. கடைசியில் மிஞ்சுவது கோயில் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும் சில ஆண்கள்.

சரி, இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் பொய் சொல்கிறாரா? எல்லா நேரத்திலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இது ஆபத்தானது.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். உளவியல் மாணவர்களுக்குப் பாடத்திலேயே வரும். ஒரு மேசையைச் சுற்றிச் சில இளைஞர்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் இந்த மூன்றில் எதற்குச் சமம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், குழப்பமே இல்லை. ஆனால் அந்த மேசையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். குறிப்பிட்ட சுற்றுகளில் எல்லோரும் சேர்ந்து ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். அந்த ஒருவர் என்ன செய்வார்? நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான பதிலைச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தைக்கூட.

இதை மட்டும் சொல்லிவிட்டு "மனிதன் ஆட்டுமந்தை" என்று முடிப்பவர்கள் அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. அந்த மேசையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்துக்கு இணங்கித் தவறாகச் சொல்வது கால் பங்காகக் குறைந்தது. அதைவிட வியப்பு, அந்த இன்னொருவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டத்திலிருந்து மாறுபட்டு அவர் வேறொரு தவறான பதிலைச் சொன்னால்கூட, நம் ஆளுக்கு வாய் திறக்கும் தைரியம் கூடியது. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தனியாகத் தாளில் எழுதச் சொன்னபோதும் அப்படித்தான். கூட்டத்தின் பலம் அதன் எண்ணிக்கையில் இருந்ததைவிட, ஒருவர்கூட மாறிப் பேசவில்லை என்பதில்தான் அதிகம் இருந்தது.

இதை அப்படியே கொண்டுவந்து நம் ஊரில் பொருத்த முடியாது. ஆஷின் மேசையில் இருந்தவர்கள் கையில் அரிவாள் இல்லை. மாறிப் பேசியவருக்கு மறுநாள் கூலி வேலை நிற்காது, அவர் வீட்டுச் சாவுக்குப் பாடை தூக்க ஆள் வராமல் போகாது. சாதியின் கையில் ஊர்விலக்கம் என்ற ஆயுதம் இருப்பதை அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். தன் சாதிக்கு எதிராக ஒருவர் தனியாக நின்றால் அவர் வாழ்க்கையையே நரகமாக்கும் அதிகாரம் சாதிக்கு உண்டு என்கிறார். இன்னொன்றும் உண்டு. கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொல்வதால் அந்த அமெரிக்க இளைஞருக்கு ஐந்து பைசா லாபம் இல்லை. சாதிக்கு இணங்கிப் போகிறவருக்கு லாபம் உண்டு. நிலம், கோயில் மரியாதை, குறைந்த கூலிக்கு ஆள், திரும்பி ஒரு வார்த்தை கேட்காத காலனி. எனவே "பாவம், அவரும் சமூகத்தின் கைதிதானே" என்று உளவியல் பேசி யாராவது வந்தால், அந்தச் சிறைக்கு யார் வாடகை வாங்குகிறார் என்று கேளுங்கள்.

இனி மகாத் நகருக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் இருக்கும் அந்த ஊரின் சவுதார் குளம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பலர் கவனிக்காமல் விடுவது அதன் முன்கதையை. பொதுக் குளங்கள், கிணறுகள் எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரு தலித்தும் அதில் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியவில்லை. சட்டம் தடுக்கவில்லை, ஊர் தடுத்தது. தனியாக ஒருவர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக நடந்துபோய்க் குளத்தில் இறங்கினார்கள். அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார், எல்லோரும் குடித்தார்கள். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தியைக் கிளப்பி அன்றே அவர்களைத் தாக்கினார்கள். பிறகு சாணம், மூத்திரம் கலந்து குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். வழக்கு 1937 வரை நடந்து, உயர்நீதிமன்றத்தில் தலித்துகளுக்குச் சாதகமாக முடிந்தது. அன்று குடித்த ஒரு வாய்த் தண்ணீரால் ஊர் மனம் திருந்திவிடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாறியது வேறொன்று. 'இது நடக்காது' என்று எல்லோரும் நம்பியிருந்தது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்துவிட்டது. பார்த்ததை யாரும் பார்க்காததாக ஆக்கிவிட முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீல்கண்ட் சஹஸ்ரபுத்தே. பிறப்பால் பார்ப்பனர். வீட்டுக்குள் உட்கார்ந்து "எனக்கு மனு மீது மரியாதை இல்லை, ஆனால் எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று அவரும் சொல்லியிருக்கலாம். மேடையில் ஏறி, பேர் தெரிய, நாள் தெரியச் சொன்னார். ஆஷின் மேசையில் இருந்த அந்த இன்னொருவர் இவர்தான்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. வேட்பு மனுவே வராது. வந்தால், ஊர் கைகாட்டிய ஆளே வெல்வார். வென்ற கையோடு ராஜினாமா செய்வார். தேர்தல் ஆணையம் இருந்தது, வாக்குப் பெட்டி இருந்தது, அரசியல் சட்டம் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே ஊர்க்கூட்டத்தின் ஒரு வாய்வார்த்தை இருந்தது. மதுரை மாவட்டத்தில் மேலவளவில், துணிந்து நின்று வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வேறு சிலரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் தனியாக மிரட்டல் தேவைப்பட்டிருக்காது.

2006இல் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றார்கள். பழையபடி மறுநாளே ராஜினாமா நடக்கவில்லை. மக்கள் அதே மக்கள். ஒரே ஆண்டில் எல்லோரும் சமத்துவவாதிகளாகிவிட்டார்களா? இல்லை. அரசு விடாப்பிடியாக நின்றது, இயக்கங்கள் வருடக்கணக்காக இதைத் தமிழ்நாடு முழுக்கப் பேசுபொருளாக்கின, இனி இது செல்லாது என்று ஊருக்கே தெரிந்துபோனது. மனம் மாறிய பிறகுதான் நடத்தை மாறும் என்று காத்திருந்தால் அந்த நாற்காலிகள் இன்றும் காலியாகத்தான் இருந்திருக்கும்.

நாற்காலி என்றதும் ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம். நாளிதழ்களில் வந்தது. நாம் எல்லோரும் தரையில் இருந்த அவரைத்தான் பார்த்தோம். நாற்காலியில் இருந்தவர்களைப் பாருங்கள் என்கிறேன். அவர்களில் யாராவது ஒருவருக்கு உள்ளுக்குள் கூசியிருக்கலாம். கூசியவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காதவரையில் அவர் கூச்சத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் இவரைப் பார்த்து, 'இவருக்கும் சம்மதம்தான்' என்று நினைத்துக்கொள்வார். இவர் அவரைப் பார்த்து அப்படியே நினைத்துக்கொள்வார். அமெரிக்காவில் நிறப் பிரிவினையை மற்ற வெள்ளையர்கள் எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று வெள்ளையர்களிடமே 1968இல் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் இருந்ததைவிட மிக அதிகமான ஆதரவு இருப்பதாக அவர்களில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையான வெறியர்கள் பலம் பெறுவது இந்தத் தப்புக்கணக்கால்தான்.

சரி, நல்ல செய்தி ஏதாவது உண்டா என்றால், உங்கள் பெயரே ஒரு நல்ல செய்தி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒருவர் மட்டும் விட்டால் "பேர் ஏன் மொட்டையா இருக்கு?" என்று கேட்பார்கள். மாநாட்டில், பத்திரிகையில், எல்லோருக்கும் தெரியும்படி பலர் விட்டால், வைத்திருக்கிறவர்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இன்று தில்லிக்குப் போகும் நம் பிள்ளை, படிவத்தில் 'சர்நேம்' கேட்டால் அப்பா பெயரை எழுதுகிறான். ஃபிளெக்ஸ் பேனரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பட்டங்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டிச் சாதி காட்டுகிறார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அதைத் தடைசெய்யச் சொன்னது. கயிறு கட்டாத பையன் எந்தப் பக்கமும் சேராதவன் ஆகிவிடுகிறான். 13 வயதில் அதைத் தனியாகத் தாங்குவது லேசல்ல.

பெயரில் நடந்தது கல்யாணத்தில் ஏன் நடக்கவில்லை? இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி 2011-12இல் நாடு முழுவதும் சாதி தாண்டிய திருமணங்கள் சுமார் 5% மட்டுமே. பட்டத்தை விடுவதில் சொத்து போகாது; கல்யாணத்தில் போகும். ஆனால் வீட்டில் சொல்லப்படும் காரணம் சொத்து இல்லை. "உன் தங்கச்சிய யார் கட்டுவாங்க?" பயம் உண்மையானதுதான். ஆனால் இதே அப்பா, பங்காளி வீட்டில் ஒரு பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்தபோது என்ன செய்தார்? விசேஷத்துக்குப் போகவில்லை. அந்த வீட்டின் அடுத்த பெண்ணுக்கு வரன் கேட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டார். தன் வீட்டில் ஊருக்குப் பயப்படுகிறவர், அடுத்த வீட்டுக்கு அவரே ஊர்.

இந்த ஊர் முற்றிப்போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை இருக்கிறது. 2003 ஜூலை 8. கண்ணகி, முருகேசன். காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். இருட்டில், ஆளில்லாத இடத்தில் நடந்ததல்ல, ஊரார் பார்க்க நடந்தது. அது ஊருக்குக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது. காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு எந்தச் சட்டத்தில் தண்டனை?

கூட்டத்துக்கு முன் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "அப்போ முதல்ல யார் மீறணும்? நீங்க சொல்றத கேட்டு ஒரு தலித் பையன் மீறினா அவன் உசுரு போகும்." சரியான கேள்வி. அதனால்தான் என்னைப்போல் இடைநிலைச் சாதிகளில் பிறந்தவர்களைப் பார்த்துப் பேசுகிறேன். ஒரே மீறலுக்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. அவர் கொடுப்பது உயிர். நாம் கொடுப்பது, பெரியப்பா இரண்டு வருஷம் பேசமாட்டார், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாராவது நீக்குவார்கள். விலை குறைவாக இருப்பவர்கள் முதலில் போக வேண்டும். தனியாகப் போகவும் வேண்டாம். அந்தக் குழுவில் சாதிப் பெருமை வீடியோ வந்ததும் முகம் சுளித்துவிட்டு மியூட் போடும் அக்கா ஒருவர், மாமா பையன் ஒருவன் எப்படியும் இருப்பார்கள். முதலில் அவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த முறை மூன்று பேரும் அதே இடத்தில், எல்லோரும் படிக்க, பதில் எழுதுங்கள்.

அடுத்து யாராவது வீட்டில் "ஊர் ஒத்துக்காது" என்றால் கோபப்படாமல் ஒரு தாளை எடுங்கள். "ஊர்னா யார் யாருப்பா? பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பட்டியல் ஏழு எட்டுப் பேரைத் தாண்டியதில்லை. அதில் இரண்டு பேர் ஏற்கெனவே செத்துப்போயிருப்பார்கள். ஒருவரின் பேத்தி சென்னையில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருப்பாள், அவரே போய்ப் பார்த்துவிட்டும் வந்திருப்பார், வெளியே சொல்லியிருக்க மாட்டார். மிச்சமிருக்கும் பெயர்களில் யாரிடம் யார் பேசுவது என்பதைத்தான் இனி நாம் உட்கார்ந்து பேச வேண்டும். தேநீர் வந்துவிட்டது, நீங்கள் ஆரம்பியுங்கள்.