தலைப்பிரசவமும் தந்தையின் கடமையும்

(மயிலாப்பூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைப் பிறந்தகம் அழைத்துச் செல்வது நமது பழவழக்கம். தாய்வீட்டின் ஆறுதலை நாம் குறைகூற வரவில்லை. ஆயின், அவ்வழக்கத்தினால் குழந்தையின் தகப்பனார் விருந்தாளியாகிவிடுகிறார். தொட்டிலை எட்டிப் பார்த்து, காப்பி அருந்தி, விடைபெற்றுக்கொள்கிறார். அவர் கண்ணிற்படாத துன்பம் ஒன்றுண்டு.

பிரசவித்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருதல் பலர்க்கும் இயல்பே. இரண்டு வாரத்திற்குள் அது தானே நீங்கும். நீங்காமல், உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையினிடத்தும் பற்றில்லாமல், தான் எதற்கும் உதவாதவள் என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், அது மனச்சோர்வு என்னும் நோய். சோம்பலன்று, பிடிவாதமன்று, திருஷ்டியுமன்று. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாரோ என்றஞ்சி மறைப்பதனால் அது முற்றுகின்றது.

வேலூரையடுத்த கிராமங்களில் நடத்தப்பெற்று 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பிரசவத்தின்பின் புதிதாக இந்நோயுற்றோர் 100-க்கு 11 பேர் எனக் கண்டது. வறுமை, கர்ப்பகாலத்து இடர்கள், ஆண்மகவை விரும்பிய இடத்தில் பெண்மகவு பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவியின்மை ஆகியன அதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இறுதியிற் கூறிய மூன்றையும் நோக்குங்கள். பெண் பிறந்ததென முகஞ்சுளிப்பாரைத் தடுக்கத் தகப்பனைவிட உரிமையுடையார் யாவர்? தாய்க்கும் தாரத்திற்கும் இடையே நின்று பிணக்கைத் தீர்க்க வல்லவர் யாவர்? கைகொடுக்கக் கடமைப்பட்டவர் யாவர்?

தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வசிக்கும் கணவனுக்கு மயிலாப்பூர் தூரதேசமன்று. மாலைதோறும் சென்று, குழந்தை பாலுண்டபின் தான் வாங்கிக்கொண்டு, தாயைச் சில மணி நேரம் உறங்கவிடலாம். துணி மாற்றலாம். அவள் மனக்குறையைக் குறுக்கிடாமற் கேட்கலாம். "ஆண்பிள்ளைக்கு இங்கென்ன வேலை?" என்று பெரியோர் தடுத்தலாகாது. தந்தையர்க்கும் இச்சோர்வு வருவதுண்டு. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த கட்டுரை அதனை 100-க்கு ஏறத்தாழ 10 பேர் எனக் கணக்கிட்டது.

1987-இல் எடின்பரோ நகரின் பெயரால் வெளிவந்த 10 வினாக்கள் கொண்ட தாள் தமிழிலும் உண்டு. தடுப்பூசிக்குச் செல்லும்போதே வைத்தியரிடம் அதனைக் கேட்கலாம். 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசியில் இலவச ஆலோசனை கிடைக்கும். தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அவள் வாயினின்று வருமாயின், நாள் பார்த்தல் வேண்டா. அவளைத் தனியே விடாது அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

சீமந்தத்தன்று வளையலுக்கும் பலகாரத்திற்கும் கணக்கெழுதும் நாம், பிரசவத்தின்பின் எந்தெந்த இரவு தகப்பனார் விழித்திருப்பார் என்பதையும் அன்றே தீர்மானிப்போமாக.