நண்பர் மூவரும் ஒரு பழைய காரும்



யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றில், வீட்டின் பின்புறத்து ஓலைக் கொட்டிலிலே ஒரு மொறிஸ் மைனர் கார் நெடுநாளாக நின்றது. 1990ஆம் ஆண்டின் பின், பெற்றோல் கிடைத்தற்கு அரிதான போர்க்காலத்தில், அவ்வீட்டுப் பெரியவர் அதனை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது அந்நாளைய வழக்கம். நோயாளரும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களும் அதிலேதான் வைத்தியசாலை சென்றனர். பெரியவர் காலமானபின் அதனைத் தொடுவாரில்லை. பழைய இரும்பு விலைக்குக் கேட்டவர்களுக்கு மகன் கொடுக்கவுமில்லை.

ஊர்க்கோயில் தேர்த் திருவிழா நெருங்கியது. முதுமையுற்ற தாயாரை அந்தக் காரிலேயே கோயிலுக்கு அழைத்துச் செல்ல மகன் விரும்பினார். அவர் வங்கி எழுதுவினைஞர். உடன்படித்த நண்பர் இருவர் உதவிக்கு வந்தனர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் கராஜ் வைத்திருப்பவர்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கிற்று. தாங்கியிற் பிசினாகிக் கிடந்த பழைய எரிபொருளை வடித்தனர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில், எரியாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆதலால் அதனையும் மாற்றினர். பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, சிலிண்டர்களிற் சிறிது எண்ணெய் விட்டு, கைபிடியால் மெல்லச் சுற்றினர். மாலையில் எஞ்சின் இறுக்கம் தளர்ந்து சுழன்றது.

தேநீர் அருந்துகையில், எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டியை ஆசிரியர் காட்டினார். 1948ஆம் ஆண்டு இக்கார் வெளிவருமுன், இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பார், மாதிரி வண்டி ஒடுக்கமாய் இருப்பதை உணர்ந்து, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். விலக்கிய அகலமே அந்தப் பட்டி. முடிந்த வேலையையும் பிழையென்று கண்டால் அறுக்கத் துணிந்தவர் அவர்.

ஞாயிறு நண்பகல் எஞ்சின் உறுமி எழுந்தது. மகனின் கண்கள் கலங்கின. அன்று மாலையே தாயாரை ஏற்றித் தெருவில் ஒருமுறை சென்றுவர வேண்டுமென்றார். கராஜ்காரரோ மறுத்தார். அவ்வண்டியின் பிறேக்குக்கு முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்றாக ஆறு சிறு சிலிண்டர்கள் உண்டு. பிறேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் தன்மையது. பல்லாண்டு கிடந்ததில் ஒன்று துருவால் அரிக்கப்பட்டுக் கசிந்தது. முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுகளும் கிறீஸ் காணாது வறண்டிருந்தன. அவை தேய்ந்து கழன்றால் சில்லு மடங்கி, வண்டி தெருவிலே குந்திவிடும்.

“மெதுவாகத்தானே செலுத்தப் போகிறேன்” என்றார் மகன். நண்பர்களிடையே சிறிது மனக்கசப்பும் உண்டாயிற்று.

அப்பொழுது தாயார் திண்ணையிலிருந்து, “தம்பி சொல்வதுதான் சரி. உன் ஐயாவும் பிறேக்கை மிதித்துப் பாராமல் ஒருநாளும் புறப்பட்டதில்லை” என்றார். பின்பு கொட்டிலுக்கு நடந்து வந்து, பின்னிருக்கையில் அமர்ந்தார். கார் அசையவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்களை மூடி அவ்வொலியைக் கேட்டபடி அவர் நெடுநேரம் இருந்தார்.

புதிய சிலிண்டர் வந்து, மூட்டுகளும் சீராகும்வரை தேருக்குப் போகும் வண்டி வேறாகவே இருக்கலாம். அதனால் குறை ஒன்றுமில்லை. நண்பனை மகிழ்விக்க விரும்புவோர் பலர். அவன் முகம் வாடுமென்று அறிந்தும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்பவர் சிலரே. அந்த வார இறுதியிலே மகனுக்குக் கிடைத்த பேறு, எஞ்சின் ஓடியது மட்டுமன்று. அத்தகைய நண்பர் ஒருவர் அருகே நின்றதுமாகும்.