எந்த விளக்கு?



நான் முன்பு பணியாற்றிய நிலையத்தில் ஒரு தீபாவளிச் சமயம். முந்தைய ஆண்டு திரையில் சுழன்ற குத்துவிளக்கு மீண்டும் வேண்டும் என்றார் தயாரிப்பாளர். அதை முப்பரிமாணத்தில் உருவாக்கிய தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார். கணினியில் தேடினால் 'விளக்கு', 'விளக்கு புதுசு', 'விளக்கு கடைசி' என்று 11 கோப்புகள்! எதில் திரி எரியும், எதை நெருக்கத்தில் காட்டலாம் என்று சொல்ல ஆளில்லை. இரண்டு இரவுகள் போயின. கோப்புகள் எங்களிடம்தான் இருந்தன. அவற்றைப் பற்றிய அறிவு தம்பியோடு போய்விட்டது.

கணினி வரைகலை ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 'ஸ்டான்ஃபோர்ட் முயல்' என்று ஒன்று இருக்கிறது. 1994இல் ஒரு களிமண் முயல் பொம்மையை ஸ்கேன் செய்து, 69,451 முக்கோணங்கள் கொண்ட வடிவமாக்கினார்கள். பார்த்தால் குறையே தெரியாது, அடியிலோ ஓட்டைகள்! படமாகக் காட்ட அது போதும். கன அளவைக் கணக்கிட வேண்டுமென்றால் ஓட்டையை அடைத்தாக வேண்டும். அனுபவசாலிக்கு இது தெரியும். புதியவர் திண்டாடுவார்.

அந்த அனுபவசாலியின் மனத்தில் இருப்பதைக் கணினிக்கும் புரியும்படி எழுதி வைக்கும் முறையைத்தான் 'ஆன்டாலஜி' என்கிறார்கள். வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. எது எதோடு எப்படித் தொடர்புடையது என்ற விவரம். 'விளிம்பு திறந்திருந்தால் அது மூடிய வடிவம் ஆகாது', 'கன அளவுக் கருவிக்கு மூடிய வடிவமே வேண்டும்' என இரண்டு விதிகளை எழுதி வைத்தால் போதும். முயலின் அடி திறந்திருப்பதைக் குறித்துவிட்டால், அது அந்தக் கருவிக்கு உதவாது என்று கணினியே முடிவு செய்துவிடும்.

இத்தகைய விதிகளை எழுத உதவும் 'அவுல்' மொழி 2004இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பாவில், இத்தாலியின் ஜெனோவா ஆய்வாளர்கள் ஒருங்கிணைக்க, 'எய்ம் அட் ஷேப்' திட்டம் தொடங்கியது. மனித உருவங்கள், ஸ்கேன் செய்த வடிவங்கள், தொழிற்பொருள் வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆன்டாலஜி அமைத்தார்கள். அது சரிதான். ஒரே உருவத்தைப் பார்த்து அனிமேஷன்காரர் 'எலும்புக்கூடு எங்கே?' என்பார், பொறியாளர் 'என்ன அளவு?' என்பார்.

ஆனால் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுவது யார்? ஒளிபரப்புக்கு அரை மணி நேரம் இருக்கையில் யாரும் எழுதமாட்டார்கள். நானும்தான்.

அந்தத் தம்பியைப் பிறகு ஒரு திருமணத்தில் சந்தித்தேன். எந்த விளக்கு என்று கேட்டேன்.

"'கடைசி' இல்லக்கா, 'புதுசு'தான்" என்றார்.